ஒற்றைக்கால் சிப்பாயின் விலை



1826ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த ஹாவர்த் என்னும் சிற்றூரின் பாதிரியார் பாட்ரிக் பிரான்ட்டே, லீட்ஸ் நகருக்குச் சென்று திரும்புகையில் தம் மகன் பிரான்வெல்லுக்கென்று பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் அடங்கிய பெட்டியொன்றை வாங்கி வந்தார். மறுநாட் காலை பிரான்வெல் அப்பெட்டியுடன் தமக்கை தங்கையர் முன் வந்து நின்றான். ஷார்லட் ஒரு சிப்பாயைப் பறித்தெடுத்து அவனுக்கு வெலிங்டன் கோமகன் என்று பெயரிட்டாள். பிரான்வெல் தன் சிப்பாய்க்கு போனபார்ட் என்று பெயர் வைத்தான். எமிலியும் ஆனும் ஆளுக்கொருவனை எடுத்துக்கொண்டனர். தாயையும் மூத்த சகோதரியர் இருவரையும் சாவுக்குப் பறிகொடுத்திருந்த அந்நால்வரும், அச்சிப்பாய்களுக்காக நாடுகளையும் நகரங்களையும் அரசியலையும் படைத்தனர். அவர்கள் படிப்பதற்கென்று தீப்பெட்டியளவே உள்ள நூல்களைத் தைத்து, அச்செழுத்துப் போன்ற நுண்ணெழுத்தில் எழுதினர். 'ஜேன் அய்ர்', 'வுதரிங் ஹைட்ஸ்' ஆகிய பெரும் புதினங்களின் நாற்றங்கால் அந்த விளையாட்டே என்பதில் திறனாய்வாளரிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை. அச்சிறு நூல்களுள் ஒன்றை, 2019ஆம் ஆண்டு நவம்பரில் பாரிசில் நடந்த ஏலத்தில் ஹாவர்த்திலுள்ள பிரான்ட்டே அருங்காட்சியகம் ஆறு லட்சம் யூரோ கொடுத்து வாங்கியது.

சிப்பாய்கள் விளையாட்டில் தேய்ந்தனர். அவர்கள் பொருட்டு எழுதப்பட்ட ஏடு நின்றது. பொம்மைச் சிப்பாய்களைத் திரட்டுவோரின் உலகத்தை நோக்குங்கால் இந்நிகழ்ச்சியை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏனெனில் அவ்வுலகத்தின் சட்டம் இதற்கு நேர்மாறானது. அங்கு விளையாடப்பட்ட பொம்மை மதிப்பிழந்தது. எந்தக் குழந்தையும் தொடாத பொம்மையே தலையாயது.

இப்பொம்மைகளின் வரலாறு ஜெர்மனியின் நூரம்பர்க் நகரிலிருந்து சீராகத் தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு வாழ்ந்த ஹில்பெர்ட் என்னும் வார்ப்புத் தொழிலாளர், வெள்ளீயத்தைக் கல்லச்சில் ஊற்றி, நாணயம்போல் தட்டையான உருவங்களை வார்த்தார். அடுத்த நூற்றாண்டில் அதே நகரின் ஹைன்ரிக்சன் நிறுவனம் முப்பது மில்லிமீட்டர் உயரத்தைத் தன் அளவாகக் கொள்ள, பிறரும் அதனைப் பின்பற்றினர். இவ்விடத்தில் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. தமிழில் ஈயம் என்னும் சொல் இரு வேறு உலோகங்களைக் குறிக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. துப்பாக்கிக் குண்டோ நச்சுத்தன்மையுடைய காரீயத்தால் ஆனது. பொம்மைச் சிப்பாயின் வரலாறு வெள்ளீயத்தில் தொடங்கிக் காரீயத்திற்கு நகர்ந்த வரலாறு. குண்டு செய்யும் உலோகத்தாலேயே குழந்தையின் கைப்பொருளும் செய்யப்பட்டது என்பதனைக் கவிஞர்கள் கவனியாது விட்டது வியப்பே.

1893இல் லண்டனைச் சேர்ந்த இளைய வில்லியம் பிரிட்டன் கண்ட ஒரு செய்முறை இத்தொழிலைத் தலைகீழாக்கியது. அதுவரை ஆங்கிலக் கடைகளை நிறைத்திருந்த முழுவார்ப்புச் சிப்பாய்கள் பெரும்பாலும் ஜெர்மானியச் சரக்கு. கனமும் மிகுதி, விலையும் மிகுதி. பிரிட்டன், உருகிய காரீயக் கலவையை அச்சில் ஊற்றிய மறுகணமே அச்சைக் கவிழ்த்து, உள்ளே உறையாத உலோகத்தை வெளியே கொட்டிவிட்டார். அச்சின் குளிர்ந்த சுவரை ஒட்டியிருந்த மெல்லிய ஓடு மட்டும் எஞ்சியது. வெளியே முழு வீரன், உள்ளே வெற்றிடம். உலோகம் மிச்சமாயிற்று, விலை இறங்கிற்று. காலாட்கள் எண்மரையோ குதிரைவீரர் ஐவரையோ கொண்ட பெட்டி ஒரு ஷில்லிங்குக்குக் கிடைத்தது. அவர் தேர்ந்துகொண்ட ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர் உயரம், அக்காலத்து விளையாட்டு ரயிலின் அளவுக்கு இசைந்தது. இன்றளவும் திரட்டுவோர் அவ்வளவையே தலையளவாகக் கொள்கின்றனர்.

வட லண்டனின் ஹார்ன்சி ரைஸ் பகுதியில் இயங்கிய அத்தொழிலகத்தில் வார்க்கப்பட்ட உருவங்களில் பெரும்பகுதிக்கு வண்ணம் தீட்டியவர்கள் பெண்கள். அவருள் பலர் தத்தம் வீட்டிலிருந்தே எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்தனர். சிவப்புச் சட்டை, கருந்தொப்பி, இரு புள்ளிகளாகக் கண்கள், ஒரு கீற்றாக மீசை என நாள்முழுதும் ஒரே கைவீச்சு. இன்று திரட்டுவோர் பூதக்கண்ணாடி கொண்டு அம்மீசையின் வளைவை ஆராய்ந்து, இது முற்காலத்துத் தூரிகை, இது பிற்காலத்துத் தூரிகை என வகை பிரிக்கின்றனர். அத்துணை நுணுக்கமான ஆராய்ச்சியிலும் தூரிகை பிடித்த பெண்களின் பெயர் கிடைப்பது அரிது. பெட்டியின் மேலொட்டும் தாளுக்குப் படம் வரைந்த ஃபிரெட் விஸ்டாக்கின் பெயர் மட்டும் நிலைத்து, 'விஸ்டாக் பெட்டி' என்று ஒரு வகைப்பெயராகவே வழங்கி வருகிறது.

பொம்மைச் சிப்பாய்களுடன் விளையாடியவருள் உலகறிந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு சிப்பாய்கள் அவரிடம் இருந்தனர், அனைவரும் பிரிட்டிஷார். எதிரிப்படைக்குத் தலைவன் தம்பி ஜாக். அண்ணன் வகுத்த உடன்படிக்கையின்படி தம்பி கருநிறப் படைவீரர்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பீரங்கி கிடையாது! பேரரசு என்பது யாது என்பதனை இதனினும் சுருங்கச் சொன்ன வரலாற்று நூல் உண்டோ என ஐயுற வேண்டியுள்ளது. ஒருநாள் தந்தை ரண்டால்ஃப் சர்ச்சில் அறைக்குள் வந்து, அணிவகுத்து நின்ற படையை நெடுநேரம் நோக்கியபின், படையில் சேர விருப்பமா என்று மகனை வினவினார். மகன் உடனே இசைந்தான். தன்னிடம் போர்த்திறன் இருப்பதைத் தந்தை கண்டுகொண்டதாக அவன் நெடுங்காலம் எண்ணியிருந்தான். வழக்கறிஞர் தொழிலுக்கு வேண்டிய அறிவு மகனிடம் இல்லை என்று தந்தை முடிவு செய்ததே அக்கேள்விக்குக் காரணம் என்பது பின்னரே தெரிய வந்தது. 1930இல் வெளிவந்த தன்வரலாற்றில் சர்ச்சிலே இதனை எழுதியிருக்கிறார்.

பிரிட்டன் நிறுவனத்தின் பட்டியலில் இந்தியப் படைகளும் இடம்பெற்றன. வங்காள ஈட்டிவீரர், பம்பாய் ஈட்டிவீரர் ஆகியோருடன் 'மதராஸ் லான்சர்' என்னும் பெயரில் சென்னை மாகாணக் குதிரைப்படையும் பெட்டிகளில் விற்பனையாயிற்று. தலைப்பாகையும் கையில் ஈட்டியுமாகப் பழுப்பு முகத்துடன் குதிரைமீது அமர்ந்த அவ்வுருவங்களுக்கு இன்றைய சந்தையில் நல்ல தேவை உண்டு. குழந்தையின் தரைவிரிப்பில் தோற்பதற்கென்றே வாங்கப்பட்டவர்கள், எண்ணிக்கையில் குறைந்துபோன காரணத்தால், வென்றவர்களைவிட உயர்ந்த விலைக்குப் போவதுண்டு.

சந்தை என்றதும் ஏலக்கூடம் மட்டுமே நினைவுக்கு வருதல் கூடாது. இவ்வுலகின் உயிர்நாடி மேசைச் சந்தைகளே. அமெரிக்காவில் சிக்காகோவை அடுத்த ஷாம்பர்க்கில், செப்டம்பரையொட்டி ஆண்டுதோறும் கூடும் சந்தை அவற்றுள் பெயர்பெற்றது. சந்தைக்குரிய நாள் ஞாயிறு ஒன்றே. ஆயினும் அதற்குச் சில நாள் முன்பிருந்தே விடுதியின் அறைகளில் வாணிகம் தொடங்கிவிடும். வந்து தங்கியவர்கள் தம் அறைக்கதவைத் திறந்து வைத்துக் கட்டில், மேசை, சன்னல்மாடம் என ஓரிடம் விடாது சிப்பாய்களைப் பரப்பிவிடுகின்றனர். வாங்குவோர் தளந்தளமாக நடந்து, திறந்த கதவு கண்டவிடத்து நுழைகின்றனர். படைவீரர் ஆயிரவர் படுக்கையை ஆக்கிரமித்திருக்க, உரிமையாளர் நாற்காலியில் உறங்கி எழும் இரவுகளும் உண்டாம்!

லண்டனில் நடைபெறும் சந்தைகள் இத்துணை ஆரவாரமுடையன அல்ல. ஒருநாட் காலையில் தொடங்கிப் பிற்பகலில் முடிந்துவிடும். ஜெர்மனியின் குல்ம்பாக் நகரில் ஈராண்டுக்கொருமுறை ஆகஸ்டில் கூடும் வெள்ளீய உருவச் சந்தை வேறு இயல்பினது. அந்நகரின் பிளாசன்பர்க் கோட்டையில் ஏறத்தாழ மூன்று லட்சம் உருவங்களைக் கொண்ட அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வருவோரில் பலர் வண்ணம் தீட்டாத வெற்று வார்ப்புகளை வாங்கிச் சென்று, மாதக்கணக்கில் தாமே தீட்டுகின்றனர். அவர்களைத் திரட்டுவோர் என்பதினும் ஓவியர் என்பதே பொருந்தும்.

இச்சந்தைகளுக்கு எழுதாச் சட்டங்கள் சில உண்டு. ஒருவர் கையிலெடுத்த பொருளை அவர் கீழே வைக்கும்வரை மற்றவர் விலை கேட்பதில்லை. குதிரையைத் தலைபற்றித் தூக்குபவர் புதியவர் என்பது உடனே தெரிந்துவிடும். கூடுதல் கட்டணம் செலுத்திக் கதவு திறக்குமுன்னரே நுழையும் கூட்டம் ஒன்றுண்டு. கையில் சிறு மின்விளக்குடன் மேசைக்கடியில் இன்னும் பிரிக்கப்படாத பெட்டிகளைத் துழாவுவது அவர்தம் வழக்கம். வருவோர் பெரும்பாலும் நரைத்த தலையினர். அவருட் பலர் தேடுவது அரிய பொருளையன்று. ஐம்பதாண்டுகளுக்கு முன் வீடு மாறியபோது தொலைந்ததோ, தாய் தூக்கியெறிந்ததோ, தம்பி உடைத்ததோ ஆகிய அந்த ஒரு பெட்டியையே தேடுகின்றனர். அது கிடைத்துவிட்டாலும் தேடல் நிற்பதில்லை.

விலை எவ்வாறு அமைகிறது என்பது ஆராயத்தக்கது. உருவம் எத்துணைப் பழையது, எத்துணை அரியது என்பன ஒருபுறமிருக்க, வண்ணம் உதிரவில்லையா, துப்பாக்கி முனை வளையவில்லையா, அசையும் கை பழைய கையேதானா என்று பார்க்கின்றனர். அனைத்திலும் மேலாக, சிவப்புத் தாளொட்டிய மூலப்பெட்டி இருக்கிறதா, பெட்டிக்குள் அட்டையோடு சேர்த்துக் கட்டிய நூல் அறுபடாமல் இருக்கிறதா என்பது கேள்வி. நூல் அறுபடவில்லை எனில் எந்தச் சிறுவனும் இவர்களைப் போருக்கு அழைத்துச் செல்லவில்லை என்பது பொருள். அத்தகைய பெட்டிக்குத் தனி விலை. வெறும் பெட்டிக்கே விலை உண்டு. பெட்டியைப் பரிசாகப் பெற்ற குழந்தைக்கு என்ன நேர்ந்திருக்கும்? நோயா, கண்டிப்பான தந்தையா, பாட்டி அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்து மறந்தாளா? விலைச்சீட்டில் அதற்கு இடமில்லை. உயர்ந்த விலையுள்ள பெட்டி ஒவ்வொன்றின் பின்னும் விளையாடாத குழந்தை ஒன்று நிற்கிறது.

டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1838இல் வெளியிட்ட கதையில், ஒரு பழைய வெள்ளீயக் கரண்டியை உருக்கி இருபத்தைந்து சிப்பாய்களை வார்க்கின்றனர். கடைசிச் சிப்பாய்க்கு உலோகம் போதவில்லை; ஆகவே அவனுக்கு ஒரு கால்தான். இருபத்து நால்வரும் ஒன்றுபோல் இருந்தமையால் கதைக்கு உதவாமற் போயினர். குறையுடையவனே காப்பியத் தலைவனானான். அவன் ஒரு சந்தை மேசைக்கு வந்தால் என்னாவான்? மேசையின் ஓரத்தில், மூடியில்லா அட்டைப்பெட்டியில், தலையிழந்தவர், குதிரையிழந்தவர், கையற்ற கொடிவீரர் நடுவே கிடப்பான். கைப்பிடிக் கணக்கில் சில்லறை விலைக்கு அள்ளிக்கொள்ளும் பெட்டி அது. ஆனால் குழந்தைகள் கைபட்ட சிப்பாய்கள் அனைவரும் கிடப்பது அங்கேதான். ஒடிந்த கழுத்தில் தீக்குச்சியைச் செருகித் தலையைப் பொருத்திய பழுதுபார்ப்பு அவற்றிற் பல உருவங்களில் காணப்படும். உள்ளீடற்ற வார்ப்பு என்பதால் தீக்குச்சி எளிதில் நுழைந்தது. பெற்றோரோ சிறுவரோ மாலைவேளையில் செய்த அந்த மருத்துவம் சந்தையில் குறைபாடாக எழுதப்படுகிறது. உண்மையில் அப்பொம்மையின் வாழ்க்கை வரலாற்றில் எழுதப்பட்ட ஒரே வரி அதுதான்.

உடைந்ததைச் செப்பனிடலாமா என்பதில் திரட்டுவோர் இரு கட்சியினர். மாற்றுக்கை, மாற்றுத்தலை வார்த்து விற்கும் சிறு தொழிலர் சந்தைதோறும் இருக்கின்றனர். செப்பனிட்டுப் புதுவண்ணம் தீட்டியதை அவ்வாறே சொல்லி விற்றால் குற்றமில்லை; சொல்லாமல் விற்பதில்தான் வழக்கு எழுகிறது. மூலச் சிப்பாயிலிருந்து அச்செடுத்து வார்த்த போலிகளும் உலவுகின்றன. நுட்பம் அறிந்தவர் எடை பார்த்தும், அடிப்பாகத்து எழுத்தின் மழுக்கம் பார்த்தும், வண்ணத்தின் மணம் முகர்ந்தும் கண்டுகொள்வர். ஜேம்ஸ் ஓபி எழுதி 1985இல் வெளிவந்த பிரிட்டன் நிறுவனச் சிப்பாய்கள் பற்றிய நூலும், 1976 முதல் அமெரிக்காவில் வெளிவந்த இதழும், அதற்கெல்லாம் முன்னோடியாய் 1935இல் தொடங்கிய பிரிட்டிஷ் மாதிரிச் சிப்பாய்ச் சங்கமும் இவ்வறிவை வளர்த்தன. சுவடி ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் உழைப்புக்கு இவ்வுழைப்பு குறைந்ததன்று. பாடவேறுபாடு காணும் கண் எங்கிருப்பினும் மதிக்கத்தக்கதே.

காப்பதிலும் இடர் உண்டு. காரீயச் சிப்பாய்களை ஓக் மரத்தாலான அழகிய கண்ணாடி அலமாரியில் காற்றுப்புகாமல் அடைத்து வைத்தவர்கள், சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது, உருவங்கள்மீது வெண்சாம்பல் பூத்துப் பொடியாக உதிரக் கண்டனர். மரத்திலிருந்து கசியும் அமில ஆவி காரீயத்தை அரித்து வேறு உப்பாக மாற்றிவிடுகிறது. அரித்துப்போனதை மீட்க வழியில்லை; அரிப்பை நிறுத்தத்தான் முடியும். சிலவகைப் பழைய அட்டைகளும் இவ்வாறே ஆவி கசிவன. விலையை ஏற்றும் மூலப்பெட்டியே உள்ளிருப்பவனை மெல்ல உண்பதும் நேர்வதுண்டு. காற்றாட வைக்குமாறு அறிந்தோர் கூறுகின்றனர்.

பெருஞ்செல்வர் திரட்டியவை பெரும்பாலும் அவரோடு முடிந்தன. அமெரிக்க இதழதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் மொராக்கோ நாட்டின் டான்ஜியர் நகரில் கடலை நோக்கிய மாளிகையொன்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை நிறுத்திவைத்திருந்தார். 1990இல் அவர் மறைந்தார், அவ்வருங்காட்சியகம் பின்னர் மூடப்பட்டது, தொகுப்பு கலைந்தது. நியூயார்க்கில் அவர் 1985இல் திறந்த காட்சிக்கூடமும் 2014இல் மூடப்பட்டது. எளியோர் நிலையும் இதுவே. கணவர் இறந்தபின், காலணிப் பெட்டிகளில் அடுக்கிய சிப்பாய்களுடன் சந்தைக்கு வரும் மனைவியர் உளர். எது விலையுயர்ந்தது, எது கைப்பிடிக் கணக்கில் போகவேண்டியது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்த வேளையில் மேசைக்கு மறுபுறம் இருப்பவர் சொல்லும் விலையில் அவர் யாரென்பது தெரிந்துவிடும்.

இறுதியாக, எவரும் எழுப்பும் வினா ஒன்றிருக்கிறது. போரைப் பொம்மையாக்குவது தகுமா? திரட்டுவோர் இதனைக் கேட்டால் சலித்துக்கொள்வர். ஆயினும் கேள்வி நியாயமானது. ஜெர்மனியின் ஹவுசர் நிறுவனம் 'எலாஸ்டோலின்' என்னும் வணிகப்பெயரில் மரத்தூளும் பசையும் கலந்த கலவையால் பொம்மைகள் செய்தது. 1930களில் அது ஹிட்லரையும் அவர்தம் தளபதிகளையும் பொம்மைகளாக்கிற்று. வணக்கத்திற்கு உயர்த்தத்தக்க கையும் ஹிட்லர் பொம்மைக்கு இருந்தது. அவை இன்றும் சந்தைகளில் உயர்ந்த விலைக்கு மாறுகின்றன. ஜெர்மனியில் சட்டம் அச்சின்னங்களைத் தடைசெய்திருப்பதால் ஒட்டுத்தாளால் மறைத்து வைக்கின்றனர். வரலாற்றுச் சான்று என்று வாங்குவோரும் உளர். வேறு நாட்டத்தால் வாங்குவோரும் உளர். ஒரே மேசை, ஒரே விலை. இவ்விருவரையும் பிரித்தறியச் சந்தையிடம் கருவியில்லை என்பதே உண்மை. வரலாறு என்னும் சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட முடியாது.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் 'சிறு போர்கள்' என்னும் நூலை வெளியிட்டுப் பொம்மைச் சிப்பாய்களால் போர் நடத்தும் விதிகளை வகுத்தார். உண்மைப் போரின் மடமையை உணர இவ்விளையாட்டு உதவும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே பெரும்போர் மூண்டது. அவரும் அதனைப் போருக்கு முடிவுகட்டும் போர் என்று ஆதரித்து எழுதினார். 'சாகி' என்னும் புனைபெயருடைய மன்றோ எழுதிய சிறுகதையொன்று இன்னும் கூர்மையானது. அதில் மாமன் ஒருவர், போர்ப் பொம்மைகளுக்கு மாற்றாக அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் உருவத்தையும் நகராட்சிக் குப்பைத்தொட்டியையும் குழந்தைகளுக்குப் பரிசளிக்கிறார். சிறிது நேரத்தில் அவ்வறிஞர் படைத்தலைவர் ஆகிறார். நகராட்சிக் குப்பைத்தொட்டியில் பீரங்கிக்குத் துளையிடப்படுகிறது. அக்கதையை எழுதிய மன்றோ 1916 நவம்பரில் பிரான்சுப் போர்முனையில் கொல்லப்பட்டார். அக்கதையின் பெயர் தாங்கிய தொகுப்பு 1919இல் வெளிவந்தது.

போருக்குப் பின் இங்கிலாந்தின் இல்லங்களில் சிப்பாய்ப் பொம்மைமீது வெறுப்புத் தோன்றியது. மகனையோ தம்பியையோ இழக்காத தெருவே இல்லாத காலம். பிரிட்டன் நிறுவனம் 1920களின் தொடக்கத்தில் அதே காரீயத்தால், அதே ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர் அளவில், பண்ணை வீட்டுப் பொம்மைகளை வார்க்கத் தொடங்கியது: பசு, வைக்கோல் வண்டி, பால் கறக்கும் பெண், வேலி, மரம், ஊர்ப் பித்தன். 1966இல் காரீய வார்ப்பையே அந்நிறுவனம் நிறுத்திவிட்டது. அதற்குள் நெகிழி வந்து கடைகளைப் பிடித்துக்கொண்டது. இன்றைய சந்தைகளில் அப்பண்ணைப் பொம்மைகளுக்கென்றே மேசைகள் உண்டு. படைப்பிரிவுகளின் வண்ணவேறுபாடு அறிந்தவர்கள் அவற்றை ஒரு பார்வை பார்த்துக் கடந்து போகின்றனர். அவ்வரிசையில் உயர்ந்த விலைக்குப் போகும் உருவங்களுள் ஒன்று, வாயில் ஒரு புல்லைக் கடித்தவாறு எங்கோ நோக்கி நிற்கும் அந்த ஊர்ப் பித்தன்.